வில்ஃப் சக்டனின் ஃப்யூயல் பம்ப்

வில்ஃப் சக்டன் இங்கிலாந்தின் யார்க்ஷயரில், கீத்லி என்ற ஊரில், ஒரு மரச்சாமான் கடையில் முப்பத்தோரு வருடம் மெத்தை விற்றார். முதுகுவலிக்காரர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். "படுத்துப் பாருங்க, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு, காலணி அழுக்குப் படாமல் மெத்தையின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவார். எழுந்திருக்கும்போது ஒரு மனிதர் எந்தக் கையை எங்கே ஊன்றுகிறார் என்பதை வைத்தே அவர் எந்த விலை வரைக்கும் வருவார் என்று கணித்துவிடுவார். ஊரார் முதுகையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் படிக்கத் தெரிந்த மனிதர், தன் முதுகை மட்டும் இருபது வருடம் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார். காரணம் ஒரு கார்.

1961-ஆம் வருடத்து ஃபென்ரைட். இரண்டு பேர் உட்காரலாம். கூரை என்று அதில் சொல்லப்படுவது ஒரு கித்தான் துணி. அதைச் செய்த கம்பெனி ஏழெட்டு வருடம் கார் செய்து பார்த்துவிட்டு, யாருக்கும் தொந்தரவு தராமல் மூடிக்கொண்டது. ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்ததை வில்ஃப் வாங்கிவந்து, வீட்டை ஒட்டிய கராஜில் பதினோரு வருடம் உட்கார்ந்து, குனிந்து, மல்லாந்து, மறுபடி காராக்கினார். கோழி எச்சத்தைச் சுரண்டவே ஒரு குளிர்காலம் போயிற்று. முதுகு அப்போதே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது என்று அவர் மனைவி க்ளெனிஸ் சொல்வாள். வில்ஃப் அதை ஒப்புக்கொண்டதில்லை.

அந்தக் காரின் இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அதில் உட்காருவதை விழுவது என்றுதான் சொல்லவேண்டும். சாய்மானம் இடுப்பு வரை விறைப்பாக வந்து, அதற்குமேல் உங்கள் பாடு என்று விட்டுவிடும். கிளட்சை மிதிப்பது நிறைமாதப் பசுவைக் காலால் தள்ளுவது போல. ஒரு மணி நேரம் ஓட்டினால் இடது புட்டத்திலிருந்து கணுக்கால் வரை யாரோ சூட்டுக்கோலை இழுப்பார்கள்.

இருக்கையை மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் யார்க்ஷயர் ஃபென்ரைட் சொந்தக்காரர்கள் சங்கத்தில் அப்படிக் கேட்டுவிட்டு யாரும் வீடு போய்ச் சேர முடியாது. கார் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கவேண்டும், திருகாணி உட்பட. சங்கத்தில் ஒருவர் எப்போதோ ஜப்பான் கார் இருக்கை ஒன்றைப் பொருத்தினார். அவரைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரலைத் தாழ்த்துகிறார்கள், இரண்டு மனைவி வைத்திருந்தவரைப் பற்றிப் பேசுவது போல.

முதுகுவலி என்று வெளியே சொல்லவும் முடியாது. அதற்கு ஆர்னால்ட் டெம்ப்ஸ்டரின் கதையை எல்லோரும் அறிவார்கள். அவர் ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், பீர் குடித்துக்கொண்டே, "இடுப்பு மூட்டு கொஞ்சம் தகராறு பண்ணுது" என்று வாய்விட்டுவிட்டார். அந்த வாரமே மூன்று பேர், கையில் கேக்கோடு, நலம் விசாரிக்க வந்தார்கள். மூவருமே முதலில் கராஜைத்தான் எட்டிப் பார்த்தார்கள். "இப்ப விக்கணும்னு சொல்லல ஆர்னால்ட். விக்கிற எண்ணம் வந்தா என்னை நெனச்சுக்கோ, அவ்வளவுதான்." ஆறு மாதத்தில் கார் போயிற்று. ஆர்னால்ட் அடுத்த மாதம் போனார். சவ ஊர்வலத்தில் அந்தக் கார் முன்னால் வந்தது, புதுச் சொந்தக்காரரோடு.

வீட்டிலும் ஒரு சட்டம் இருந்தது. க்ளெனிஸ் அதை ஒரே தடவைதான் சொன்னாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. "உன் முதுகு அந்தக் கார்ல போச்சுன்னு வை, அன்னைக்கே கார் போகும். நீயும் அதும் ரெண்டு பேரும் நொண்டிக்கிட்டுக் கெடந்தா நான் யாரைப் பாக்குறது?"

ஆக, முதுகு தெரிந்தால் கார் இல்லை. வில்ஃப் அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். பிறகு அவர் கண்டுபிடித்த உபாயங்களைச் சும்மா சொல்லக்கூடாது. கராஜுக்குள்ளேயே காரில் ஏறுவார், யாரும் பார்க்காமல். முதலில் புட்டம், பிறகு இரண்டு கால்களையும் ஒட்டவைத்த மாதிரி ஒரே சுற்றில் உள்ளே. இடுப்புக்குப் பின்னால் சட்டைக்குள் ஒரு வெந்நீர்ப் பை. தொடைக்கு அடியில் மெத்தைக் கடையிலிருந்து கொண்டுவந்த பஞ்சுத் துண்டு, இருக்கை நிறத்திலேயே உறை போட்டது. இத்தனையும் செய்தாலும் நாற்பது மைலுக்கு ஒரு தடவை மல்லாந்து படுத்தே ஆகவேண்டும். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் சாலையோரப் புல்லில் மல்லாந்து கிடந்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆம்புலன்ஸ் வந்தால் சங்கத்துக்குத் தெரியும்.

இங்கேதான் ஃப்யூயல் பம்ப் வருகிறது.

இந்த வயதுக் கார்களில் பெட்ரோலை இழுத்துவிடும் மின்சாரப் பம்ப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், காரின் வயிற்றில் தொங்கும். அது அடிக்கடி மக்கர் பண்ணும். அதற்கு எங்கள் ஊர் வைத்தியம், காருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டுவது. ஃபென்ரைட்காரர் ஒருவர் சாலையோரத்தில் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுக் காருக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்திருந்தால் அதைவிட கௌரவமான காட்சி இங்கே கிடையாது. போகிறவர்கள் தொப்பியைத் தொடாத குறைதான்.

வில்ஃப் முதன்முதலில் ஓட்லிக்குப் பக்கத்தில் அப்படிப் படுத்தார். சங்கத்துக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்ன ஆச்சு வில்ஃப்?" என்றார்.

"பம்ப்."

"அட, பாவிப்பய பம்ப்" என்றார் அவர் அன்போடு, போய்விட்டார்.

அன்று கிடைத்தது விடுதலை. வேண்டும்போதெல்லாம் பம்ப் கெட்டுப்போனது. அடியில் படுத்துக்கொண்டு, ஆள் வரும் ஓசை கேட்டால் ஸ்பானரால் டிக் டிக் என்று தட்டுவார். சத்தம் போனதும் கண்ணை மூடிக்கொள்வார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பம்ப் கோழிக் கொட்டகையிலிருந்து வந்த நாள் முதல் ஒருமுறைகூட நின்றதில்லை.

சங்கத்துப் பத்திரிகையில் வருடக் கடைசியில் யார் கார் எங்கே நின்றது என்று ஒரு பத்தி வரும். ஐந்து வருடம் தொடர்ந்து வில்ஃபின் பச்சைக் கார்தான் முதலிடம். அதைப் பார்த்து வில்ஃப் வெட்கப்பட்டாரா என்று தெரியாது. பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொல்லித் தான் தப்பித்த மாதிரி ஒரு முகம் அவரிடம் அந்த நாட்களில் இருந்தது.

சங்கத்தின் செயலாளர் லெனர்ட் ஹோல்ராய்ட். ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். வில்ஃபின் கார் மீது அவருக்கு ஒரு கண். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பொருந்தியிருக்கும் பச்சை ஃபென்ரைட் இங்கிலாந்தில் இதோடு நான்குதான் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் நல்ல மனிதர். வில்ஃபின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி கொடுத்தார். திறந்தால், பழைய சரக்கிலிருந்து எங்கோ தேடிப்பிடித்த, பெயின்ட்கூட உரியாத அசல் ஃப்யூயல் பம்ப்.

"இனிமே உனக்குக் கஷ்டமே இல்லப்பா" என்றார் ஹோல்ராய்ட்.

"அடடா. எதுக்கு லெனர்ட் இதெல்லாம்."

"மாட்டிடுவோமா? சனிக்கிழமை வர்றேன்."

"இருக்கட்டும். பழசு உயிரோட இருக்கிற வரைக்கும் ஓட்டுவோம். நீயே வெச்சிரு."

ஹோல்ராய்ட் அதைத் தன் கார் டிக்கியில் வைத்துக்கொண்டார், என்றைக்காவது வில்ஃபுக்கு உதவும் என்று.

அந்த வருடம் ஏப்ரலில் முதுகு எல்லை மீறியது. வில்ஃப் முதன்முறையாக டாக்டரிடம் போனார். எங்கள் ஊரில் பிறந்த டாக்டராக இருந்தால் பிழைத்திருப்பார். இங்கே நோயாளி "பரவாயில்ல" என்றால் படுக்கையில் கிடத்தவேண்டும், "கொஞ்சம் சிரமம்தான்" என்றால் பாதிரியாரைக் கூப்பிடவேண்டும். அன்று இருந்தவர் ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்த இளம் டாக்டர். சொன்னதை அப்படியே நம்பும் நாட்டுக்காரர்.

"வலி பத்துக்கு எவ்வளவு, மிஸ்டர் சக்டன்?"

வில்ஃப் யோசித்தார். கிளினிக் வாசலில் இறங்கும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. "ரெண்டு" என்றார். பிறகு பொய் சொல்லக்கூடாதே என்று, "ரெண்டரைன்னு வெச்சுக்குங்க."

"கால்ல இறங்குதா?"

"அப்பப்ப எட்டிப் பாக்கும்."

டாக்டர் இரண்டரைக்கு உண்டான மாத்திரையை எழுதினார். ஆனாலும் கவனமான பெண். ஒரு மஞ்சள் அட்டையைக் கையில் கொடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். குதிரையில் உட்கார்ந்தால் சேணம் படுமே, அந்த இடம் மரத்துப்போனால், சிறுநீர் போகமுடியாமல் போனால், கால் தொய்ந்தால். "இதுல ஏதாவது ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. அடுத்த நாள் இல்ல. நரம்பு நசுங்கிக்கிட்டு இருக்கும். சில மணி நேரம்தான் அவகாசம். புரியுதா?"

"ரொம்ப நன்றிம்மா. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்."

அட்டையை இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு காருக்குள் வைத்தார்.

ஜூன் முதல் ஞாயிறு சங்கத்தின் வருடாந்திர ஓட்டம். பன்னிரண்டு கார்கள், மலைமேட்டுச் சாலையில் ஹாஸ் வரை எழுபது மைல், அங்கே ஒரு பப்பில், பை என்று இங்கே சொல்லும் பன்றி இறைச்சி அடைத்த பணியாரமும் தேநீரும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை வில்ஃப் வெந்நீர்ப் பையின்மேல் உட்கார்ந்து தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்தார். மாலையில் எழுந்தபோது க்ளெனிஸ் அவர் கால்சட்டையின் பின்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். பை ஓட்டையோ என்று நினைத்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கொப்பளித்து உடைந்திருந்தது.

மருந்து போட்டாள். "இவ்வளவு வெந்திருக்கு. சுடலையா உனக்கு?"

"சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மூடியைத் திருகினாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. நாற்பது வருடத் திருமணத்தில் புட்டத்தைப் பற்றி அதற்குமேல் பேச இங்கே வழக்கம் இல்லை.

ஞாயிறு காலை வில்ஃப் கண் விழித்தபோது வலி இல்லை.

இதை நீங்கள் அவர் இடத்திலிருந்து பார்க்கவேண்டும். இருபது வருடத்தில் முதல் தடவை. இடுப்பு, தொடை, கெண்டைக்கால், எதிலும் இல்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதை அவர் கவனித்தார். கழிவறையில் பத்து நிமிடம் நின்றும் பார்த்தார். வெளியூர்ப் பயணத்துக்கு அதுவும் ஒரு வசதிதான் என்று நினைத்துக்கொண்டார். அப்படித்தான் நினைத்தேன் என்று பின்னால் அவரே சொன்னார். மெத்தையில் உட்காருவது போலக் காரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததே தெரியவில்லை.

"பம்ப் சரியா இருக்கா?" என்று கேட்டாள் க்ளெனிஸ், வாசலில் நின்று.

"இன்னைக்கு ஒண்ணும் பண்ணாது."

நாற்பது மைல் அவர் வாழ்நாளின் மிக நல்ல நாற்பது மைல். மலையேறும் வளைவுகளில் பாட்டுக்கூடப் பாடினார். ஆடுகள் தலை நிமிர்ந்து பார்த்தன. மேட்டின் உச்சிக்கு இரண்டு மைல் இருக்கையில், கியர் மாற்ற இடது காலைத் தூக்கினார். கால் வரவில்லை. குனிந்து பார்த்தார். பாதம் கிளட்சுக்குப் பக்கத்தில், யாரோ கழற்றிவைத்த காலணி மாதிரிக் கிடந்தது.

கார் திணறித் திணறி நின்றது. கையால் சுக்கானைத் திருப்பி, சரளைக்கல் கொட்டிய ஓரத்தில் உருட்டிவிட்டார். கதவைத் திறந்து தரையில் விழுந்தார். பெரிய உயரம் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். அப்புறம் அவர் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. கையால் ஊர்ந்து, காரைப் பிடித்து நெஞ்சை உயர்த்தி, பானெட் கொக்கியை விடுவித்துத் திறந்துவைத்தார். பிறகு ஊர்ந்து பின்சக்கரத்துக்கு வந்து, காருக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார்.

பின்னால் வந்த ஒவ்வொரு காரும் வேகத்தைக் குறைத்தது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிற்கும் காரைக் கடக்கும்போது ஹாரன் ஒருமுறை அடிக்கவேண்டும். அடியில் இருப்பவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் உதவி வேண்டாம் என்று பொருள். பத்துக் கார்கள் கடந்தன. பத்து ஹாரன். காருக்கு அடியிலிருந்து பத்துத் தடவை ஒரு கட்டைவிரல் நீண்டது.

கடைசிக் கார் ஹோல்ராய்டுடையது. கருவிப் பெட்டியோடு கடைசியில் வருவதுதான் செயலாளரின் வேலை. அவர் நிறுத்தினார்.

"பம்பா?"

"பம்ப்தான்" என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

"இன்னைக்கு விடமாட்டேன் வில்ஃப். நீ என்ன சொன்னாலும் சரி. புதுசு டிக்கியிலேயே இருக்கு."

"எதுக்கு லெனர்ட். எல்லாரும் பை சாப்பிட ஆரம்பிச்சிருவாங்க."

"பை எங்க ஓடிப்போகுது."

அவர் ஜாக்கை வைத்துக் காரைத் தூக்கினார். ஒரு முக்கலோடு மறுபக்கம் படுத்து உள்ளே நுழைந்தார். இரண்டு கிழவர்களும் காருக்கு அடியில் தோளோடு தோள் படுத்திருந்தார்கள். தூறல் ஆரம்பித்தது. வில்ஃப் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். ஹோல்ராய்ட் விசிலடித்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினார். அரை மணி நேர வேலை. ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

"இங்க படுத்திருந்தா என்னமோ ஒரு நிம்மதி, இல்ல?" என்றார் ஹோல்ராய்ட்.

"மோசமில்ல."

"உனக்குக் குளிருதா? வெளிச்சம் ஆடுது."

"டார்ச் கனம்."

வில்ஃபின் வயிறு அப்போது பாறை மாதிரி உப்பியிருந்தது. மஞ்சள் அட்டையின் மூன்று வரிகளும் அவருக்கு மனப்பாடமாக ஞாபகம் வந்தன. தலைக்கு மேலே ஒரு முழத் தூரத்தில்தான் அது இருந்தது, இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு. வாயைத் திறந்தால் போதும். பக்கத்தில் படுத்திருந்தவரோ கார்மேல் கண் வைத்திருந்த மனிதர். அவரிடம்தான் முதலில் சொல்லவேண்டும்.

புதுப் பம்ப் மாட்டியாயிற்று. ஹோல்ராய்ட் வெளியே ஊர்ந்து, கொஞ்ச நேரம் நான்கு காலில் நின்றுவிட்டு, காரைப் பிடித்து எழுந்தார். ஜாக்கை இறக்கி, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. பிடிக்காமல் என்ன.

"கேட்டியா? கடிகாரம் மாதிரி ஓடுது. வா, ஏறு."

வில்ஃப் முழங்கையை ஊன்றித் தன்னைப் புல் பக்கமாக இழுத்துக்கொண்டார். ஹோல்ராய்டின் கண் பெட்ரோல் முள்ளில் இருந்தது.

"நீ ஓட்டிப் பாரு லெனர்ட்."

எங்கள் சங்கத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. மனைவியைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், சாவியைக் கொடுக்கமாட்டார்கள்.

"நெசமாவா?"

"மேட்டு உச்சி வரைக்கும் போயிட்டு வா. பம்ப் ஏத்தத்துல எப்படி இழுக்குதுன்னு பாரு."

சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று கேட்டதற்கு, யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது என்றார். ஹோல்ராய்ட் போனார். போக இரண்டு மைல், வர இரண்டு மைல். திரும்பிவர முக்கால் மணி ஆயிற்று. மழை வலுத்திருந்தது. கார் நின்றிருந்த இடத்தில் காய்ந்திருந்த சரளையும் நனைந்து கறுத்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் வில்ஃப் விட்ட இடத்திலேயே கிடந்தார். கால்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத திசைகளில் இருந்தன.

"வில்ஃப்?"

"மன்னிச்சுக்கோ லெனர்ட். உனக்கு ஒரு தொந்தரவு குடுக்கவேண்டியிருக்கு."

அந்த மேட்டில் கைப்பேசி எடுக்காது. ஹோல்ராய்ட் தன் கோட்டை அவர்மேல் போட்டுவிட்டு, பண்ணைவீடு தேடி ஓட்டினார், வில்ஃபின் காரை, வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஓட. ஆம்புலன்ஸ் வரும்போது மணி மூன்று.

லீட்ஸில் அறுவைசிகிச்சை செய்த டாக்டர், மரத்துப்போனது எப்போது என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலையில" என்றார் வில்ஃப்.

"வியாழக்கிழமை" என்றாள் க்ளெனிஸ். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். "சாயங்காலம். எனக்குத் தெரியும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். யாரையும் குறை சொல்லவில்லை. வியாழக்கிழமை வந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். ஞாயிறு காலை வந்திருந்தாலும் கொஞ்சம் செய்திருக்கலாம் என்றார்.

வில்ஃபுக்கு வலதுகால் பாதி திரும்பியது. இடதுகால் திரும்பவில்லை. சிறுநீருக்கு ஆயுள் முழுக்க ரப்பர்க் குழாய். மாடியேற முடியாது என்பதால் கராஜைப் படுக்கையறையாக மாற்றுவது என்று முடிவாயிற்று. கார் எப்படியும் போகவேண்டும். வீட்டுச் சட்டத்தைக் க்ளெனிஸ் நினைவுபடுத்தவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

விளம்பரம் கொடுத்தார்கள். ஒருவரும் கேக்கோடு வரவில்லை. ஒரு காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஊர் முழுக்கத் தெரியுமே, அந்தப் பச்சைக் கார் நாற்பது மைலுக்கு ஒரு தடவை நிற்கும் என்று. பத்திரிகையில் வருடாவருடம் அச்சாகியிருந்ததே. இருபது வருடம் வில்ஃப் பயந்த கழுகுகளை அவரே விரட்டிவைத்திருந்தார்.

அப்போதுதான் அவர் சங்கத்துப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கு வரிதான். "என் ஃபென்ரைட் இதுவரை எங்கும் நின்றதில்லை. ஓட்லி, ஸ்கிப்டன், இல்க்லி முதலிய இடங்களில் நின்றது நான். முதுகு வலித்ததால் படுத்திருந்தேன். காரைப் பற்றி நான் சொன்னவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

இந்த ஊரில் அவ்வளவு ஆபாசமான கடிதம் அச்சானதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. க்ளெனிஸுக்கோ வாரம் முழுக்கத் தொலைபேசி. சங்கத்து மனைவிமார், ஒவ்வொருவராக, வேறு ஏதோ பேசுவது போல ஆரம்பித்துக் கடைசியில் அங்கே வந்தார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு கியர்பாக்ஸ்ல ஏதோ சத்தம்னு அடிக்கடி இறங்கிப் படுப்பாரு. ஏன் க்ளெனிஸ், கியர்பாக்ஸ் அவ்வளவு தடவையா கெட்டுப்போகும்?" அந்தக் கோடையில் சங்கத்துக் கார்கள் ஒன்றுகூட எங்கும் நிற்கவில்லை. ஓடவும் இல்லை.

ஹோல்ராய்ட் ஆகஸ்ட் கடைசியில் வந்தார். வில்ஃப் சக்கர நாற்காலியில் வாசலில் இருந்தார். கார் வெளியே நின்றது. உள்ளே சுவர் இடிக்கும் சத்தம்.

"நான் வாங்கிக்கிறேன்" என்றார் ஹோல்ராய்ட். "நீ சொல்ற விலை."

"பழைய பம்ப் நல்லாத்தான் இருந்துச்சு லெனர்ட்."

"தெரியும். வீட்டுல கொண்டுபோய் மாட்டிப் பாத்தேன்." அவர் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு மணி நேரம் விசிலடிச்சுக்கிட்டு இருந்தேன் உன் பக்கத்துல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"உக்காந்து பாக்கட்டுமா?"

"பாரு."

ஹோல்ராய்ட் காரில் விழுந்தார். சுக்கானைத் தடவினார், கியரைப் போட்டுப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. இறங்கவில்லை.

வில்ஃப் நாற்காலியை உருட்டிக் காருக்குப் பக்கத்தில் போனார்.

"அன்னைக்கு முக்கால் மணி எங்க போனே?"

"உச்சி வரைக்கும்."

"நாலு மைல், லெனர்ட்."

ஹோல்ராய்ட் சுக்கானை விடவில்லை. "மேல போனதும் நிறுத்திட்டேன். புல்லுல படுத்தேன். அரை மணி நேரம் எந்திரிக்க முடியல." பிறகு அவசரமாக, "ஆறு வருஷமா இருக்கு. பெருசா ஒண்ணுமில்ல."

"கால் மரத்துப்போகுதா?"

"நல்ல இருக்கை இது. பழகிட்டா—"

"மரத்துப்போகுதான்னு கேட்டேன். உக்கார்ற எடம் தெரியுதா? ஒண்ணுக்குப் போறது எப்படி?"

வாசலில் நின்ற க்ளெனிஸின் முகம் சிவந்தது. சுவர் இடித்தவர்கள்கூடச் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள். யார்க்ஷயரில் ஒரு ஆண் இன்னொரு ஆணைப் பட்டப்பகலில் இப்படிக் கேட்டு யாரும் கண்டதில்லை.

"கொஞ்சம் நேரம் எடுக்குது" என்றார் ஹோல்ராய்ட், மிக மெல்ல. "இந்த வாரமா. வயசாச்சுல்ல. வில்ஃப், இது நமக்குள்ள இருக்கட்டும். காரை எனக்குக் குடு. நான் பாத்துக்கிறேன்."

"உனக்குக் குடுக்கமாட்டேன்."

"என்ன?"

"இந்தக் காரை யாருக்கு வேணா குடுப்பேன். உனக்கு இல்ல." வில்ஃப் திரும்பிப் பார்க்காமல் மனைவியைக் கூப்பிட்டார். "க்ளெனிஸ், ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அப்புறம் மார்ஜரிகிட்ட சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

மார்ஜரி, ஹோல்ராய்டின் மனைவி. "செத்தாலும் அவகிட்ட சொல்லாதே" என்று ஹோல்ராய்ட் காருக்குள்ளிருந்து கெஞ்சினார். இறங்கி வந்து தொலைபேசியைப் பிடுங்கியிருப்பார். இறங்க முடியவில்லை. க்ளெனிஸ் ஏற்கெனவே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவள் குரல் தெளிவாகக் கேட்டது, ஒவ்வொரு விவரமும், அந்த விவரமும்.

ஹோல்ராய்டைக் காரிலிருந்து இரண்டு பேர் தூக்கித்தான் எடுத்தார்கள். அன்றிரவே அவருக்கு அறுவைசிகிச்சை நடந்தது. சரியான நேரம் என்றார்கள்.

அடுத்த மாதம் சங்கம், உறுப்பினர்களின் அந்தரங்கத்தை வெளியிட்டதற்காக வில்ஃபின் பெயரை நீக்கியது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் செயலாளர். பச்சைக் காரை ஹாரோகேட்டிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் வாங்கிக்கொண்டு போனார். வரும்போதே நவீன இருக்கை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பொருத்த வில்ஃப்தான் ஸ்பானர் எடுத்துக்கொடுத்தார்.

ஹோல்ராய்ட் இப்போது நன்றாக நடக்கிறார். தினம் காலையில் நாயோடு மூன்று மைல். வில்ஃபும் நானும் இருக்கும் எங்கள் தெரு வழியாக மட்டும் வருவதில்லை.